மூலமும் உரையும்: ‘ஆதியாகம வெள்ளம்’ நூலின் வாசிப்புமுறை

ஆய்வுச்சுருக்கம்

ஜான் விட்கோம்பும் ஹென்றி மாரிஸும் இணைந்து எழுதி 1961இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘ஆதியாகம வெள்ளம்’ (தி ஜெனிசிஸ் ஃப்ளட்) இளம்புவிப் படைப்புவாதத்தின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. அதன் புவியியல் கூற்றுகளை மறுத்து எழுதப்பட்டவை பல. இக்கட்டுரை அந்நூலை ஆதியாகமத்திற்கு எழுதப்பட்ட ஓர் உரையாகக் கொண்டு அணுகுகிறது. மூலத்தை உள்ளவாறே ஏற்பதாகக் கூறும் அவ்வுரை, மூலத்தில் இல்லாதவற்றை எவ்விடங்களில் சேர்க்கிறது, சேர்த்தவற்றை எவ்வாறு மூலத்தின் தகுதிக்கு உயர்த்துகிறது என்பதை ஆராய்கிறது. தேவைப்படும் இடங்களில் விவிலியத்தின் பழைய தமிழ்த் திருப்புதலின் சொல்லாட்சிகளும் கருதப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படைப்புவாதம், ஆதியாகமம், வெள்ளப் புவியியல், உரைமரபு, விவிலியத் தமிழ், புதைபடிவம்

முன்னுரை

உலகம் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறு நாள்களில் படைக்கப்பட்டது. நோவாவின் காலத்து வெள்ளமே இன்று நாம் காணும் படிவுப்பாறைகளையும் புதைபடிவங்களையும் பெரும்பாலும் உருவாக்கியது. இவ்விரு கூற்றுகளும் கிறித்தவ மரபில் தொன்றுதொட்டு மாறாது வந்தவை என்று இன்று பலரும் எண்ணுகின்றனர். முதற்கூற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் படைப்பின் ஆண்டைக் கி.மு. 4004 என்று கணித்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் அக்கணக்கு அச்சாகியது. இரண்டாம் கூற்றின் வரலாறு அத்தகையதன்று. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க அடிப்படைவாதக் கிறித்தவருள் பெரும்பாலோர் அதனை ஏற்றிருக்கவில்லை. 1909இல் வெளிவந்து பரவலாகப் பயின்ற ஸ்கோஃபீல்டு ஆய்வு விவிலியம், ஆதியாகமத்தின் முதலிரு வசனங்களுக்கிடையே அளவிறந்த காலம் கழிந்திருக்கலாம் என்றது. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில் பரிணாமக் கல்வி குறித்து நடந்த வழக்கில் விவிலியத்தின் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, படைப்பின் நாள்கள் இருபத்து நான்கு மணிநேர நாள்களாக இருக்கவேண்டியதில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

இந்நிலையை மாற்றிய நூல் ‘ஆதியாகம வெள்ளம்’. கால்நூற்றாண்டுக்குள் அது இரண்டு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1963இல், படைப்பு ஆய்வுக் கழகம் தோன்றியது. பின்னர் எழுந்த நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், பாடநூல் வழக்குகள் ஆகியவற்றுக்கெல்லாம் கருத்தடிப்படை இந்நூலிலிருந்தே வந்தது. அறிவியலாளர் பலர் இதனைப் படிக்காமலே ஒதுக்கினர்; நம்பிக்கையாளர் பலர் படிக்காமலே போற்றினர். இருதரத்தாரும் இழந்தது அதன் வாசிப்புமுறையை நெருங்கிக் காணும் வாய்ப்பை.

நூலும் அதன் முன்னோடியும்

விட்கோம்ப், இந்தியானா மாநிலத்தில் கிரேஸ் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்தவர். மாரிஸ் நீரியல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வர்ஜீனியா பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கட்டடப் பொறியியல் துறைத் தலைவராயிருந்தவர். நூலின் முற்பகுதி பெரிதும் விட்கோம்பின் கை. பாறைகளைப் பற்றிய பிற்பகுதி மாரிஸின் கை. இருவருள் ஒருவரும் புவியியலாளர் அல்லர். இதனை ஒரு குறையாகச் சுட்டி நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் ஒரு நீரியல் பொறியாளர் ஆதியாகமத்தை வாசிக்கும்போது எதைக் காண்கிறார் என்பதே நமக்குச் சுவையான வினா.

நூல் எழக் காரணம் பெர்னார்ட் ராம் என்னும் சீர்திருத்தக் கிறித்தவ அறிஞர் 1954இல் வெளியிட்ட நூலாகும். புவியியலாரின் முடிவுகளை நம்பிக்கையாளர் ஏற்கலாம் என்றும், நோவாவின் வெள்ளம் ஒரு வட்டாரத்தளவில் நிகழ்ந்தது என்றும் ராம் எழுதினார். அவருக்கு மறுப்பாகவே விட்கோம்பின் முனைவர் பட்ட ஆய்வு உருவாகி, பின்னர் மாரிஸின் துணையுடன் ஐந்நூறு பக்க நூலாக விரிந்தது.

பாறைகளைப் பற்றிய கருத்துகளுக்கு முன்னோடியாயிருந்தவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ். ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்த இவர் 1923இல் ‘புதிய புவியியல்’ என்னும் பெருநூலை வெளியிட்டவர். அச்சபையின் நிறுவுநருள் ஒருவரான எல்லன் ஒயிட், புதைபடிவங்கள் வெள்ளத்தால் உண்டானவை என்று தாம் கண்ட காட்சிகளின் அடிப்படையில் எழுதியிருந்தார். அதற்குப் புவியியல் சான்று தேடியவர் பிரைஸ். விட்கோம்பும் மாரிஸும் பிரைஸுக்குப் பெரிதும் கடன்பட்டிருந்தும், அச்சபை மீது பிற சீர்திருத்தக் கிறித்தவர் கொண்டிருந்த ஐயத்தைக் கருதி அவர் பெயரை அடக்கியே வாசித்தனர் என்பதை வரலாற்றாசிரியர் ரொனால்ட் நம்பர்ஸ் தம் ‘படைப்புவாதிகள்’ நூலில் ஆவணங்களுடன் காட்டியுள்ளார். வேதத்தின் வெளிப்படையான பொருள் என்று முன்வைக்கப்படும் ஒன்று, ஒரு குறிப்பிட்ட சபையின் தனிக்காட்சியிலிருந்து கிளைத்து, பெயர் நீக்கப்பட்டு, பொதுச்சொத்தாகியுள்ளது. உரைகளின் வரலாற்றில் இது புதுமையன்று. உரையாசிரியரின் பெயர் மறையும்போது உரை மூலத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

விட்கோம்பின் வலிமை

வெள்ளம் உலகளாவியது என்றே ஆதியாகமம் கூறுகிறது என்பது நூலின் முற்பகுதியின் வாதம். இதில் விட்கோம்ப் பெருமளவுக்குச் சரியாகவே வாசிக்கிறார். வானத்தின் கீழுள்ள உயர்ந்த மலைகளெல்லாம் மூடப்பட்டன. அவற்றுக்கு மேலும் பதினைந்து முழம் நீர் நின்றது. வெள்ளம் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. ‘எல்லாம்’ எனப் பொருள்படும் ‘கோல்’ என்னும் எபிரேயச் சொல் அப்பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறது. வட்டார வெள்ளமாயின், பேழை கட்டுவதைவிட நோவா வேற்றூருக்குக் குடிபெயர்ந்திருக்கலாமே; பறவைகளைப் பேழையில் ஏற்றுவானேன் என்று விட்கோம்ப் கேட்கிறார். இவ்வினாக்களுக்கு ராமிடம் நிறைவான விடையில்லை. அறிவியலோடு முரண்படாதிருக்கவேண்டி மூலத்தைச் சுருக்கும் உரைகளுக்கு விட்கோம்ப் தரும் மறுப்பு நேர்மையானது. கதை சொன்னவரின் மனத்தில் முழு உலகமும் நீரில் மூழ்கியது.

சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. கதையின் நோக்கில் வெள்ளம் உலகளாவியது என்பது மூலம் பற்றிய கூற்று. அவ்வெள்ளம் புவியின் மேலோட்டைப் புரட்டிப் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் பாறைகளைப் படியவைத்தது என்பது மூலத்தில் எங்கும் இல்லாத கூற்று. இரண்டாவதற்கும் முதலாவதன் அதிகாரத்தையே வழங்கிவிடுகிறது நூல். பேதுருவின் இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் வரும் பரியாசக்காரரைத் தற்காலப் புவியியலாராகக் காண்பது இதற்கு நல்ல சான்று. அப்பரியாசக்காரர் ஐயுற்றது இயேசுவின் மறுவருகையை. பாறைகளின் வயது அங்குப் பேச்சே இல்லை. நச்சினார்க்கினியரும் தொலைவில் கிடக்கும் அடிகளைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் கொள்பவர்தான். ஆயினும் அது நச்சினார்க்கினியர் உரை என்று நாம் அறிவோம். அதனை மறுப்பவரைப் பத்துப்பாட்டையே மறுப்பவர் என்று எவரும் கூறுவதில்லை.

மதகும் விதானமும்

வெள்ளம் வந்த வகையை ஆதியாகமம் இரு தொடர்களில் சொல்கிறது: ஆழத்தின் ஊற்றுகள் பிளந்தன, வானத்தின் ‘அருப்போத்’ திறந்தன. அருப்போத் என்பதற்குப் பலகணி, சாளரத் திறப்பு என்று பொருள். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் பழைய திருப்புதல் இவ்விடத்தில் ‘மதகுகள்’ என்று பெயர்த்துள்ளது. ஏரிப்பாசன நாட்டு மொழிபெயர்ப்பாளருக்கு வானத்து நீர் ஒரு பெருங்குளமாகத் தோன்றியிருக்கிறது. அதே எபிரேயச் சொல் மல்கியாவின் நூலில், கடவுள் ஆசியைப் பொழிவது பற்றிய இடத்தில் வரும்போது, அதே திருப்புதல் ‘பலகணிகள்’ என்கிறது. ஆசி மதகு வழியாக வருவது பொருந்தாது என்று எண்ணினர் போலும். ஒரே சொல் இடம் நோக்கி இருவேறு உருவகங்களாகப் பெயர்க்கப்பட்டிருப்பது, அச்சொல்லை உருவகமாகவே அம்மொழிபெயர்ப்பாளர் உணர்ந்தமைக்குச் சான்று.

மாரிஸ் இங்கே மதகையே காண்கிறார். வானத்துக்கு மேல் நீர் இருந்ததாக முதலதிகாரம் கூறுவதால், வெள்ளத்துக்கு முன் புவியைச் சூழ்ந்து நீராவியாலான ஒரு விதானம் இருந்தது என்றும், அது கரைந்து நாற்பது நாள் மழையாகப் பெய்தது என்றும் விளக்குகிறார். அவ்விதானத்தால் உலகெங்கும் வெப்பம் சீராயிருந்தது, தீங்கான கதிர்கள் தடுக்கப்பட்டன, மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர் என்றெல்லாம் விளக்கம் வளர்கிறது.

இயற்பியல் இதனை உடனே சோதிக்கும். பத்து மீட்டர் உயர நீரின் எடை ஏறத்தாழ ஒரு வளிமண்டலத்தின் அழுத்தத்துக்கு நிகர். விதானம் வெறும் பன்னிரண்டு மீட்டர் மழையைத் தந்ததாகக் கொண்டாலும், அதன் கீழ் வாழ்ந்தவர் இன்றைய அழுத்தத்தைப் போல் இருமடங்குக்கு மேல் தாங்கியிருக்க வேண்டும். அவ்வளவு நீரை ஆவியாகவே நிறுத்திவைக்க, விதானத்தின் அடிப்பகுதி நீரின் கொதிநிலைக்கு மேல் வெந்திருக்க வேண்டும். அது நீராக மாறும்போது வெளிப்படும் வெப்பம் விண்வெளிக்குச் செல்ல வழியின்றித் தங்கினால், வளிமண்டலத்தின் வெப்பநிலையை இரண்டாயிரம் பாகைக்கு மேல் உயர்த்தப் போதுமானது. பன்னிரண்டு மீட்டர் நீரோ ஒரு தென்னையைக்கூட மூடாது. எந்த மலையையும் மூடாது. எனவே பெரும்பங்கு நீர் ஆழத்து ஊற்றுகளிலிருந்து வந்தது, வெள்ளத்துக்கு முன் மலைகள் தாழ்ந்திருந்தன என்று மேலும் சேர்க்க வேண்டியதாகிறது. அதற்கு 104ஆம் சங்கீதத்தின் பொருள் தெளிவற்ற ஓரடி துணைக்கு அழைக்கப்படுகிறது.

இதனினும் முதன்மையான தடை வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. 148ஆம் சங்கீதம் வானங்களுக்கு மேலுள்ள நீரைக் கடவுளைத் துதிக்க அழைக்கிறது. சங்கீதக்காரர் வாழ்ந்தது வெள்ளத்துக்குப் பின். அவருடைய வானத்தில் அந்நீர் அப்போதும் இருக்கிறது. வானத்தைக் குறிக்கும் ‘ராகியா’ என்னும் சொல் தகடாக அடித்து விரித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் உறுதியான பொருளைச் சுட்டும் சொற்களால் அதனைப் பெயர்த்தனர். பழைய திருப்புதலின் ‘ஆகாயவிரிவு’ விரிதலைக் கொண்டு, கெட்டித்தன்மையை விட்டது. பண்டை அண்மைக் கிழக்கு மக்கள் மேலே ஒரு தடுப்பும் அதற்கு மேல் நீரும் இருப்பதாக எண்ணினர். ஆதியாகமமும் அவ்வுலகத்தில் நின்றே பேசுகிறது. உள்ளவாறு வாசிப்பதாயின் அக்கெட்டியான வானத்தை ஏற்க வேண்டும். அதனை மாரிஸ் ஏற்கவில்லை. அவருடைய விதானம் மூலத்தின் வானமும் அன்று, அறிவியலின் வானமும் அன்று. பின்வந்த படைப்புவாதிகளுள் பெரும்பாலோரே அதனைக் கைவிட்டுவிட்டனர்.

ஆதாமின் வீழ்ச்சியோடு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை நூல் இணைப்பதும் இத்தகையதே. பொருள்கள் சிதைவுறும் போக்கு சாபத்தின் விளைவு என்கிறது நூல். ஆனால் வீழ்ச்சிக்கு முன்பே மனிதருக்கும் விலங்குகளுக்கும் பூண்டுகளும் கனிகளும் உணவாகத் தரப்பட்டதை முதலதிகாரம் கூறுகிறது. அவ்விதி செயற்படாத உலகில் உண்ட கனி செரிக்காது.

பாறைகளின் வரிசை

படிவுப்பாறைகளில் உயிர்களின் எச்சங்கள் ஒழுங்கான வரிசையில் கிடைக்கின்றன. அவ்வரிசையை ஓராண்டு வெள்ளத்தால் விளக்க மாரிஸ் மூன்று காரணங்கள் கூறுகிறார். உடலின் வடிவும் அடர்த்தியும் நோக்கி நீர் அவற்றைத் தரம்பிரித்தது. கடலடியில் வாழ்ந்தவை முதலிலும் மேட்டுநிலத்தில் வாழ்ந்தவை பின்னரும் புதைந்தன. விரைந்தோட வல்லவை உயரங்களுக்கு ஓடித் தப்பி இறுதியில் மூழ்கின. ஆற்றுப்படுகையில் மணலும் கூழாங்கல்லும் பிரிவதைக் கண்ட பொறியாளருக்கு முதற்காரணம் இயல்பாகவே தோன்றியிருக்கும். எளிய வாசகருக்கு இவை மனங்கொள்ளத்தக்கவையாகத் தோன்றுவதை மறுக்கவியலாது. நூலின் வெற்றிக்கு இப்பகுதி பெருங்காரணம்.

மகரந்தத்தைக் கருதுவோம். பூக்கும் தாவரங்களின் மகரந்தத்தூளும் பெரணி முதலியவற்றின் ஸ்போர்களும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்கள். அளவிலும் எடையிலும் ஒத்தவை. காற்றாலும் நீராலும் எங்கும் பரவுபவை. நிலக்கரிக் காலத்துப் பாறைகளில் ஸ்போர்கள் மலிந்து கிடக்கின்றன. பூக்கும் தாவரங்களின் மகரந்தம் அங்கு இல்லை. அது மிகப் பின்னைய கிரெட்டேசியக் காலத்துப் பாறைகளிலிருந்தே தோன்றத் தொடங்குகிறது. கலங்கிய வெள்ளம் ஒரே அளவுள்ள இருவகைத் துகள்களை உலகெங்கும் பிசகின்றிப் பிரித்துவைத்தது என்பதற்கு நீரியலில் இடமில்லை. மகரந்தம் மேட்டுக்கு ஓடியது என்றும் கூறவியலாது. கடலிலும் இதே நிலை. இக்தியோசார் என்னும் பழங்கால ஊர்வனமும் ஓங்கிலும் வடிவத்தால் ஒன்றையொன்று ஒத்தவை. இரண்டும் விரைந்து நீந்திக் கடலில் வேட்டையாடியவை. மூன்று காரணங்களுள் எதைக் கொண்டு நோக்கினும் அவை கலந்தே புதைந்திருக்க வேண்டும். ஒரே அடுக்கில் அவை கிடைத்ததில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜாகின்ஸ் என்னும் கடற்கரைப் பாறைச்சுவர் உள்ளது. நின்ற நிலையிலேயே புதைந்த மரத்தண்டுகள், வேர்கள் பழைய மண்ணில் ஊன்றியவாறு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மட்டங்களில் அங்குக் காணப்படுகின்றன. ஒரு காடு வளர்ந்து, மூழ்கி, அதன்மேல் மண் படிந்து, அம்மண்ணில் மறுபடியும் ஒரு காடு வளர்ந்திருக்கிறது. 1852இல் சார்லஸ் லயலும் வில்லியம் டாசனும் அங்கே உட்குடைந்த ஒரு தண்டினுள் சிறு நாற்கால் விலங்கொன்றின் எலும்புகளைக் கண்டனர். டாசன் உறுதியான பிரெஸ்பிட்டேரியக் கிறித்தவர். டார்வினை இறுதிவரை எதிர்த்தவர். ஆயினும் அப்பாறைச்சுவரை ஒரே வெள்ளத்தின் படிவாக அவர் வாசிக்கவில்லை. புவியின் நெடுங்காலத்தை ஏற்றவரெல்லாம் பரிணாமத்துக்கு இடமளிக்கவே ஏற்றனர் என்னும் நூலின் தொனிக்கு டாசனின் வாழ்க்கையே மறுப்பு.

டெக்சாஸ் மாநிலத்தின் பலக்சி ஆற்றுப்படுகையில் டைனோசர் தடங்களோடு மனிதத் தடங்களும் உள்ளனவென்று நூல் படங்களுடன் கூறியது. 1980களில் செய்யப்பட்ட நுணுகிய ஆய்வில், அவற்றுட் பல டைனோசர்கள் பாதத்தின் பின்பகுதியையும் ஊன்றி நடந்ததால் நீண்டு பதிந்தவை என்பதும், விரல் தடங்கள் மண்ணால் தூர்ந்திருந்தன என்பதும், சில உளியால் செதுக்கப்பட்டவை என்பதும் தெளிவாயின. 1986இல் மாரிஸின் மகனான ஜான் மாரிஸே அத்தடங்களைச் சான்றாகக் கூறுவதிலிருந்து பின்வாங்கினார். இப்பின்வாங்கல் பாராட்டுக்குரியது. ஆனால் கால்நூற்றாண்டுக் காலம் அப்படங்கள் எத்தனையோ இளைஞரின் நம்பிக்கைக்கு முட்டாக நிறுத்தப்பட்டிருந்தன. முட்டை உருவியவர்கள், அதன்மேல் சாய்ந்திருந்தவர் என்னவாயினர் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஜாதியும் வகையும்

பேழையில் எத்தனை விலங்குகள் ஏறின? அன்று அறியப்பட்டிருந்த நிலவாழ் முதுகெலும்பிகளின் கணக்கைக் கொண்டு, 35,000க்கு மிகாது என்று நூல் மதிப்பிடுகிறது. அவற்றை ஆட்டின் அளவுள்ளவையாகக் கொண்டு, கால்நடை ஏற்றும் ரயில்பெட்டிகளின் கொள்ளளவோடு ஒப்பிடுகிறது. இவ்விடத்தில் ஆதியாகமத்தின் மற்றொரு சொல் முன்வருகிறது. உயிர்கள் தத்தம் ‘மீன்’படி படைக்கப்பட்டன என்று மூலம் கூறும், நீரில் வாழும் நம் மீனோடு ஒலிமட்டும் ஒத்த இவ்வெபிரேயச் சொல்லுக்கு வகை என்று பொருள். பழைய திருப்புதல் ‘ஜாதி’ என்றே பெயர்த்தது. (தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் ஜாதியைப் படைப்பின் முதல் வாரத்திலேயே வழங்கிய அச்சொல் தமிழ்ச் செவிகளில் என்ன பொருளை ஏற்றியது என்பது தனி ஆய்வுக்குரியது.) 1941இல் ஃபிராங்க் மார்ஷ் என்னும் அட்வெண்டிஸ்ட் உயிரியலாளர், ‘படைத்தான்’ எனப் பொருள்படும் ‘பாரா’வையும் இச்சொல்லையும் சேர்த்துப் ‘பாராமின்’ என்னும் கலைச்சொல்லை ஆக்கினார். ஒரு பாராமினுக்குள் மாற்றம் நிகழலாம்; ஒன்று மற்றொன்றாகாது என்பது கொள்கை.

பேழைக்கு இடநெருக்கடி மிகுந்தபோதெல்லாம் வகையின் எல்லை விரிந்தது. 2016இல் கென்டக்கியில் திறக்கப்பட்ட பேழைக் காட்சியகத்தார் ஏறத்தாழ 1,400 வகைகளே போதும் என்கின்றனர். விலங்குகளின் எண்ணிக்கை 7,000க்கும் கீழே இறங்கிவிட்டது. புலியும் சிங்கமும் வீட்டுப்பூனையும் பேழையில் ஏறிய ஒரே இணையின் வழித்தோன்றல்களாகின்றன. அதாவது, நான்காயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குள், பெரும்பகுதி முதற்சில நூற்றாண்டுகளிலேயே, ஆயிரக்கணக்கான புதிய இனங்கள் கிளைத்திருக்க வேண்டும். டார்வின் கனவிலும் கருதாத வேகம் இது. பரிணாமத்தை மறுக்கப் புறப்பட்ட உரை, தன் கணக்கு நேராகவேண்டிக் கடும்விரைவுப் பரிணாமத்தை வேண்டிநிற்கிறது. ஆதியாகமமோ இவ்வகை எது, அது எவ்வளவு விரியும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

கதிரியக்கச் சிதைவு குறித்த பிற்கால ஆய்வும் இவ்வாறே முடிந்தது. படைப்புவாத அமைப்புகளே 1997இல் தொடங்கி 2005இல் முடித்த ஒரு திட்டத்தில், இன்றைய வேகத்தில் கணக்கிட்டால் 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிதைவு பாறைகளில் நிகழ்ந்துள்ளது என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொண்டனர். அது முழுவதும் படைப்பு வாரத்திலும் வெள்ளத்தின்போதும் பன்மடங்கு விரைவாக நிகழ்ந்தது என்பது அவர்தம் விளக்கம். அவ்வாறாயின் வெளிப்பட்டிருக்கும் வெப்பம் பாறைகளையே உருக்கியிருக்கும் என்பதையும் அவர்களே எழுதி, அதனைத் தீர்க்கப்படாத சிக்கலாக விட்டனர். ஒளிக்காமல் எழுதியமை அவர்களுக்குப் பெருமையே. சிறப்பான தெய்வச்செயலால் அவ்வெப்பம் நீங்கியிருக்கலாம் என்று கூறுவாரும் உளர். உலகம் தோன்றும்போதே முதிர்ந்த தோற்றத்துடன் படைக்கப்பட்டது என்னும் கருத்தை ‘ஆதியாகம வெள்ளம்’ நூலும் இடையிடையே கையாள்கிறது. சான்று கிட்டும் இடத்தில் சான்று, கிட்டாத இடத்தில் அற்புதம் என்று நிற்பவரோடு எந்தச் சான்றைக் கொண்டும் வாதிடுதல் இயலாது. ஃபிலிப் காஸ் 1857இல் ‘ஓம்ஃபலோஸ்’ நூலில், பாறைகளின் தொன்மைத் தோற்றம் முழுவதையும் அவ்வாறே படைக்கப்பட்டதாகக் கொண்டார். அவரை அவருடைய நண்பர்களே ஏற்கவில்லை. ஆனால் அவர் வழி ஒருமைப்பாடுடையது.

மூலத்தின் நிலம்

ஓரிஜன், கதிரவன் படைக்கப்படுமுன் கழிந்த நாள்களை எவ்வாறு நாள் என்பது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே வினவினார். அகஸ்டீன், படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது என்று கொண்டு ஆறு நாள்களுக்கு வேறு பொருள் கண்டார். இவர்களை இன்றைய புவியியலின் தோழர்களாக்குவதும் பிழை. உலகம் மிகப் பழையதன்று என்றும் வெள்ளம் நிகழ்ந்தது என்றும் அகஸ்டீன் நம்பியவரே. அவர்களிடம் இருந்தது, மூலம் தன்னைப் பற்றி எழுப்பும் வினாக்களைக் கேட்கும் பொறுமை. அப்பொறுமையோடு ஆதியாகமத்தின் நிலக்காட்சியை நோக்கினால் வெள்ளப் புவியியலுக்கு அங்கே காலூன்ற இடமில்லை.

இரண்டாம் அதிகாரம் ஏதேன் தோட்டத்து ஆறுகளுள் இரண்டை இதெக்கேல் என்றும் ஐபிராத்து என்றும் பெயரிட்டுச் சொல்கிறது. அவை டைகிரிசும் யூப்ரடீசும் ஆம். இதெக்கேல் அசீரியாவுக்குக் கிழக்கே ஓடுவதாக, தம் காலத்து வாசகர் அறிந்த நாட்டைக் கொண்டே ஆசிரியர் அடையாளம் காட்டுகிறார். வெள்ளத்துக்கு முந்திய ஆறும் பிந்திய ஆறும் அவருக்கு ஒன்றே. அவ்வாறுகள் இன்று ஓடும் நிலத்தின் அடியிலோ, புதைபடிவங்கள் நிறைந்த படிவுப்பாறைகள் பல கிலோமீட்டர் தடிமனில் கிடக்கின்றன. அவற்றை வெள்ளம் படியவைத்ததாயின் ஏதேனின் ஆறுகள் அவற்றுக்கெல்லாம் அடியில் புதைந்திருக்க வேண்டும். குடியேறியோர் பழைய ஆற்றுப் பெயர்களைப் புதிய ஆறுகளுக்கு இட்டனர் என்பது படைப்புவாதிகளின் விடை. அது மூலத்தில் இல்லை. மீண்டும் ஓர் உரையே.

நோவா பேழையின் உள்ளும் புறமும் பூசியதைப் பழைய திருப்புதல் ‘கீல்’ என்கிறது. மெசொப்பொத்தேமியாவில் தரையிலிருந்து கசிந்து ஊறும் கருங்கீலைக் கதை அறிந்திருக்கிறது. அது புதைந்த உயிர்ப்பொருளிலிருந்து உண்டாகும் எண்ணெயின் எச்சம். எண்ணெயும் நிலக்கரியும் வெள்ளத்தில் புதைந்த உயிர்களால் உண்டாயின என்று கூறும் உரைக்கு, வெள்ளத்துக்கு முன்பே நோவாவின் கையில் கீல் இருப்பது இடர். அதனை மரப்பிசின் என்று கொண்டு தப்புவோர் உண்டு.

1820களில் ஆக்ஸ்ஃபோர்டின் புவியியலாளரும் குருவுமான வில்லியம் பக்லண்ட், குகைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் கிடந்த எலும்புகளையும் கற்குவியல்களையும் நோவாவின் வெள்ளத்துக்குச் சான்றாகக் காட்டி, 1823இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரை மறுத்து 1826இல் எழுதியவர் ஸ்காட்லாந்தின் இயற்கை நூலாரான ஜான் ஃபிளெமிங். இவரும் திருச்சபைப் போதகரே. ஃபிளெமிங் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று ஆதியாகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. நோவா விடுத்த புறா மாலையில் திரும்பியபோது அதன் அலகில் புதிதாய்க் கொத்திய ஒலிவ இலை இருந்தது. கதை சொன்னவர் கண்ட வெள்ளம், வேரூன்றி நின்ற ஒலிவமரத்தைக்கூடப் பெயர்க்காமல் ஏறி இறங்கிய வெள்ளம். பள்ளத்தாக்குகளை அகழ்ந்து பாறைகளைப் புரட்டிய வெள்ளமன்று. 1831இல் செட்ஜ்விக் புவியியல் கழகத்தின் தலைவருரையில் தம் வெள்ளக் கொள்கையை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். 1836இல் பக்லண்டும் தம் நூலின் கருத்தைக் கைவிட்டார். இருவரும் குருத்துவப் பணியில் தொடர்ந்தனர். அந்த ஒலிவ இலைக்கு, 135 ஆண்டுகள் கழித்து எழுதிய விட்கோம்பும் மாரிஸும், நீர் வற்றிய பின் மலைச்சரிவில் விரைந்து துளிர்த்த கிளை என்று உரை வகுத்தனர்.